மேங் பண்ணையில் ஒரு கிண்ணம் கள்

"அய்யோ...! காரியக்காரர் விழுந்துட்டாரு!"

அலறல் அறுவடைக் களத்தையே உறைய வைத்தது.

உச்சி வெயில். நெற்கட்டுகளுக்கு நடுவே, வாயில் நுரை தள்ளக் கிடந்தான் தாக் மான்-சூ. பக்கத்தில் உடைந்த கள்ளுக் கிண்ணம்.

உயிர் இல்லை!

1927. ஜப்பான் பிடியில் இருந்த கொரியா. குன்சான் துறைமுகத்தில் கப்பல் ஏறும் அரிசியில் பாதி, மேங் சொக்-ஜுன் வயலில் விளைந்தது. ஜப்பான் சர்க்காரில் தாசில்தாராக இருந்தவர். ஊர் நிலத்தை அளக்க வந்து, அளந்ததை எல்லாம் தன் பேரில் எழுதிக்கொண்டவர். செத்தவன் அவருடைய பண்ணைக் காரியக்காரன்.

ஏட்டு பியோ சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் மேங் பாய்ந்து வந்தார்.

"பிடிய்யா அந்தப் பொங்-நியேவை! ஜாடிக் கள்ளுல விஷம் கலந்துட்டா! எனக்கு வெச்ச குறி... இவன் மாட்டிக்கிட்டான்!"

பொங்-நியே இடுப்பில் கை வைத்து நின்றாள். விதவை. அவள் நிலமும் மேங் விழுங்கியதுதான்.

"உன்னைக் கொல்லணும்னா வாயைப் பொளந்து ஊத்தியிருப்பேன்யா! நாளைக்குக் கோர்ட்ல எனக்குச் சாட்சி சொல்ல இருந்த மனுஷனை நான் ஏன் கொல்லணும்?"

"என்ன சாட்சி?" என்றார் பியோ.

"என் நிலப் பத்திரத்துல இந்த மேங் குத்தினது கள்ள முத்திரைன்னு!"

"பொய்! ஜாடியைத் தூக்கிட்டு வந்தவ இவதான்!"

"தூக்கிட்டு வந்தது நான்... கிண்ணத்துல ஊத்தி அவருக்கு நீட்டினது யாரு? நீதானே! என்னைக்கும் இல்லாத பாசம்!"

"நாக்கை அறுத்துடுவேன்டி!"

பியோ ஜாடிக் கள்ளைக் கொஞ்சம் தரையில் ஊற்றினார். கோழிகள் ஓடி வந்து அந்த அரிசிக் கள்ளில் கிடந்த சாதப் பருக்கைகளைக் கொத்தின. அவருக்கு அவசரமே இல்லை. ஒரு சுருட்டு முழுக்கப் பிடித்து முடித்தார்.

கோழிகள் ஜோராகக் குப்பையைக் கிளறின. மேங் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை; பொங்-நியேவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார்.

"என்னய்யா வேடிக்கை? கட்டு அவளை!"

"ஆகட்டுங்கய்யா. கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருக்குமே... முதல்ல இதைக் குடிங்க."

வேறொரு கிண்ணத்தில் அதே ஜாடிக் கள். குனிந்து, இரண்டு கையாலும் பவ்யமாக நீட்டினார் பியோ.

மேங் பிடுங்கினார். ஒரே மடக்கு! தாடியைத் துடைத்துக்கொண்டார்.

பியோ நிமிர்ந்தார்.

"ஏங்கய்யா... விஷ ஜாடின்னு நீங்கதானே சொன்னீங்க?"

மேங் கையிலிருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"அது... ஏதோ மறதியில..."

"பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா மறதி? ஜாடி சுத்தம்னு உங்களுக்குத் தெரியும். விஷம் அவன் கிண்ணத்துல மட்டும்தான்... உங்க கையால போட்டது!"

"வாயை மூடுடா நாயே! நான் யாருன்னு தெரியுமா? இந்த வட்டாரத்தையே ஆண்டவன்டா!"

"தெரியுங்கய்யா."

பியோ விலங்கை எடுத்தார். கைக்குட்டையால் பளபளவென்று தேய்த்தார்.

"அதான் துடைச்சுட்டு மாட்டுறேன்!"