சீட்டு ஒட்டிய பாட்டில்

சுங்கத்துறையில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்து ஓய்வு பெற்ற அத்தை, கோப்பைக்குள் தொங்கிய நூலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெறுப்போடு விட்டார். ஒரு வாரத்துக்கு முன் கப்பலில் ஏறிய நாளிலிருந்தே இந்த நூல் கட்டிய தேயிலைப் பையின்மேல் அவருக்குக் கோபம். சமையல்கட்டுவரை போய்க் கேட்டும், கப்பல் முழுக்க ஒரு சிட்டிகைத் தூள் கிடையாது, ஊழியர்களுக்கும் பைதான் என்று கையை விரித்துவிட்டார்கள். எதிரே இருந்த மாப்பிள்ளைக்கு இந்தப் புலம்பல் பழகிவிட்டது. மனைவி அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரைச் சமாளிப்பது அவர் பொறுப்பு.

அப்போதுதான் பாட்டில் அறைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தக் கப்பலில் பயணிகளின் சொந்த மதுப் பாட்டிலை அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஏறும்போதே கொடுத்துவிட வேண்டும். மூடியின் குறுக்கே அறை எண் எழுதிய சீட்டை ஒட்டிப் பாட்டில் அறையில் பூட்டி வைப்பதும், இறங்கும் நாளில் திருப்பித் தருவதும் அவள் வேலை. இன்று காலை கட்டடக் கான்ட்ராக்டர் ஒருவரின் விஸ்கியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதை வாங்கிப் பரிசளித்தவர் கூடவே வந்திருந்த அவருடைய மைத்துனர். அந்த மைத்துனர்தான் ஆசையாகச் சீட்டைக் கிழித்து, நின்ற இடத்திலேயே ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டார். உள்ளே இருந்தது டீத்தண்ணீர்.

நேற்றைய விருந்தின்போது அவள் பாட்டில் அறையைப் பூட்டாமல் கொஞ்ச நேரம் போனது உண்மை. அது போதாதா? வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி கான்ட்ராக்டர் அவளைத் திருடி என்று கத்தியிருக்கிறார். கப்பல் அதிகாரியும் இந்தத் துறைமுகத்திலேயே இறங்கிவிடு என்று சொல்லிவிட்டார்.

“திருடின்னு இறக்கி விட்டா வேற எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்கம்மா. நீங்க சுங்கத்துல இருந்தேன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, அதான் வந்தேன். ஒரு சொட்டு நான் தொடலை.”

மாப்பிள்ளைக்கு ரத்தம் கொதித்தது. விசாரணை கிடையாது, கேள்வி கிடையாது; காசுள்ளவன் கத்தினால் அதுவே தீர்ப்பா? மதுக்கூடத்துப் பணியாளன்தான் மாற்றியிருப்பான், அவனைப் பிடித்து உலுக்கினால் கக்கிவிடுவான் என்று எழுந்தே விட்டார்.

“கோபத்தைக் கொஞ்சம் பத்திரமா வச்சுக்குங்க மாப்பிள்ளை, தேவைப்படும்” என்றார் அத்தை. “அந்த கான்ட்ராக்டரை மதுக்கூடத்துல பாத்திருக்கீங்களா?”

தினமும் சாயங்காலம் பார்த்திருந்தார். சோடாவைத் தவிர எதையும் கேட்கமாட்டார் அந்த மனிதர். ஆனால் அறைக்குப் போய்விட்டு வந்தால் கண் சிவந்து, அறிமுகமில்லாதவர் தோளிலெல்லாம் கைபோட்டுப் பாடுவார். சோடாவில் இவ்வளவு ஏறுமா என்று மாப்பிள்ளை வியந்ததுண்டு. அதைச் சொன்னதும் அத்தை எழுந்து நடந்தார்.

இறங்கும் கூடத்தில் கூட்டம் கலையவில்லை. அதிகாரியின் மேசைமேல் பாட்டில் இருந்தது. கான்ட்ராக்டர் கைப்பையை அக்குளில் இடுக்கியபடி பொருமிக்கொண்டிருந்தார். பையின் வாயில் பச்சை நிறத்தில், வாய் கொப்பளிக்கும் மருந்தின் பெரிய பாட்டில் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் மைத்துனர் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றார்.

“நேத்து கதவைத் திறந்து போட்டிருந்தப்பதான் மாத்தியிருக்கா” என்றார் கான்ட்ராக்டர். “ஒரு வாரமா ஊறின டீத்தண்ணி! என் மச்சான் வயிறு என்னத்துக்கு ஆகும்? இவளையெல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்.”

அத்தை பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். அடியில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது.

“என்ன மாப்பிள்ளை அது?”

“டீத்தூள் அத்தை.”

“இந்தக் கப்பல்ல தூளே கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. இது யாரோ வீட்டு அடுப்புல கொதிச்ச டீ.”

தேயிலைப் பையைக் கிழித்துக் கொட்டியிருக்கலாமே என்று கான்ட்ராக்டர் எகிறினார். அத்தை மறுக்கவில்லை.

“கொட்டியிருக்கலாம்தான். அதனாலதான் உங்களையே கேக்கறேன். நேத்துதான் இவ மாத்தினான்னு சொல்றீங்க. அப்போ அது ஒரு வாரமா ஊறினதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

கான்ட்ராக்டர் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அத்தை அதிகாரியின் பக்கம் திரும்பி விளக்கினார். வீட்டிலேயே விஸ்கியை எடுத்துவிட்டு டீயை ஊற்றிக் கொண்டுவந்தது இவர்தான். பாட்டிலைத் தானாகவே நீட்டுகிறவனின் பையை யாரும் துருவிப் பார்ப்பதில்லை. சுங்கத்தில் அவர் அன்றாடம் பார்த்த தந்திரம் அது. இந்தப் பெண்ணும் நிறத்தை மட்டும் பார்த்துச் சீட்டை ஒட்டினாள். மூடி முன்பே திறந்திருந்ததைக் கவனிக்காதது ஒன்றுதான் அவள் தப்பு. இவர் திட்டப்படி, கரைக்குப் போனதும் பாட்டில் ‘கைதவறி’ உடைந்திருக்கும். மைத்துனர் அவசரப்பட்டுக் குடித்ததால் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

“அப்ப விஸ்கி?” என்றார் அதிகாரி.

பதில் மைத்துனரிடமிருந்து வந்தது. “அத்தான், தினமும் கதவைச் சாத்திக்கிட்டு வாய் கொப்பளிப்பீங்களே. ஒருநாள்கூடத் துப்பற சத்தம் கேட்டதில்லையே.”

மாப்பிள்ளை அதுவரை பத்திரமாக வைத்திருந்த கோபத்தோடு பச்சைப் பாட்டிலை உருவி மூடியைத் திறந்தார். கூடமெங்கும் விஸ்கி வாடை அடித்தது. மச்சானோடு பங்கு போட மனசில்லாமல் கழிவறையில் நின்று தனியாகக் குடித்த மனிதர் இப்போது சிரிக்க முயன்றார்.

“சும்மா ஒரு விளையாட்டு. இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு...”

அதிகாரியும் அவசரமாக, உன் வேலைக்கு ஒன்றும் வராது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மற்றதை உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். அத்தை நகரவில்லை. முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

“விளையாட்டா? ஒரு பொண்ணோட சோத்துல மண்ணைப் போட்டுட்டு விளையாட்டுங்கறீங்க. உள்ளே எல்லாம் வேண்டாம். எந்தச் சத்தத்துல திருடின்னு சொன்னீங்களோ, அதே சத்தத்துல இங்கயே மன்னிப்புக் கேளுங்க.”

கூட்டம் நெருங்கி நின்றது. கான்ட்ராக்டர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பாட்டில் அறைக்காரப் பெண் முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து நின்றாள்.

“கேக்கலை சார்” என்றாள்.

அவர் மறுபடியும் சொன்னார், கொஞ்சம் பலமாக.

“வரிசையோட கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கலை சார்.”