நீல நங்கூரம்

சுரண்டி எடுத்த நங்கூரம் மறுநாள் மத்தியானம் அதே இடத்தில் இருந்தது.

தொக்சு செயற்கைக்காலை மடியில் போட்டுப் பார்த்தான். கணுக்காலுக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்குக் கம்பெனி முத்திரை, நீல நங்கூரம். இற்றுப்போன கிரேன் சங்கிலியை மாற்றத் துப்பில்லாத கப்பல் கட்டும் கம்பெனி, சங்கிலி அறுந்து நசுங்கின அவன் காலுக்கு மாற்றுக்கால் கொடுத்து, அதிலும் தன் பெயரைக் குத்திக்கொண்டது. புதுக் கப்பல் தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஆளுக்கொரு தலைதுவட்டும் துண்டு தரும்; அதிலும் நங்கூரம். குடை, கடிகாரம், அரிசி டப்பா, எதைத் திருப்பினாலும் அதுதான். நாய்கூட ஒரு மூலையில் காலைத் தூக்குவதோடு நிறுத்திக்கொள்ளும்.

இன்றோடு வேலையை விட்டாயிற்று. முத்திரை உள்ளதெல்லாம் நாலு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். ஒற்றைக்காலோடு எங்கே போவது? அதனால்தான் சுரண்டினான்.

மறுபடியும் சுரண்டினான். பிளேடு கிறீச்சிட, பிளாஸ்டிக் நெடி அடுப்படியிலிருந்து வந்த கிம்ச்சி ஊறுகாய்ப் புளிப்போடு கலக்க, உதிர்ந்த தூளைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். துடைத்த இடத்தில் நீலம் ஊறியது.

இன்னும் அழுத்தித் துடைத்தான். இன்னும் நீலம்.

துண்டைப் பார்த்தான். நூல் நூலாய்ப் போன பழைய துண்டு. நங்கூரம் மட்டும் வெளுக்கவே இல்லை.

"ஏங்க, அதையும் குடுங்க. மடிக்கணும்." மனைவி மல்சுன் வேறொரு துண்டால் பிடரி வியர்வையை ஒற்றிக்கொண்டே கை நீட்டினாள். முப்பது வருஷமாக அப்படித்தான் ஒற்றுகிறாள்.

கதவு திறந்தது. மேஸ்திரி பாங். கையில் பெரிய அட்டைப்பெட்டி. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"செருப்போட வர்றியே, இது என்ன மாட்டுக் கொட்டாயா?"

"கம்பெனி வீடுதானே அண்ணே."

துண்டுகள் பெட்டிக்குள் போயின. குடை. கடிகாரம்.

"கால்ல முத்திரை இல்ல," என்றான் தொக்சு, உள்ளங்கையால் மூடிக்கொண்டு.

பாங் சிரித்தான். "அந்தக் கட்டை யாருக்கு வேணும்? நீங்களே வச்சுக்கங்க."

தொக்சுவுக்கு மூச்சு வந்தது.

பாங் போகவில்லை.

"அண்ணி, கொஞ்சம் திரும்புங்க."

மல்சுன் திரும்பினாள். முடியை ஒதுக்கினாள்.

பிடரியில் நீல நங்கூரம்.

தொக்சு எழுந்தான். கால் மடியிலிருந்து உருண்டது. விழுந்தான்.

மல்சுன் பெட்டியருகே போனாள். ஒரு பாதம் பெட்டிக்குள். மறு பாதம். துண்டுகளின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையையும் மடித்துக்கொண்டாள். பாங் மூடியை அழுத்தி, டேப்பை நீளமாக இழுத்தான்.

மூடியின் மேலும் நங்கூரம்.