பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்த கை

பீரோவில் பாஸ்போர்ட் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழே முக்கால். நிர்மலா மேல்தட்டில் கைவிட்டுத் துழாவினாள். கல்யாணப் பட்டுப்புடவை இருந்தது. அதன் மேல் சிவப்பு ஃபைல் இருந்தது. கல்யாணப் படங்கள், திருமணப் பதிவுச் சான்று, அமெரிக்காவிலிருந்து அவள் புருஷன் நவநீதன் அனுப்பிய காகிதங்கள் எல்லாம் அதற்குள் வரிசை குலையாமல் இருந்தன. நகைப்பெட்டியில் ஆரம், வளையல் எதுவும் குறையவில்லை. பாஸ்போர்ட் ஒன்றுதான் மாயமாகியிருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமை காலை சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அவளுக்கு விசா நேர்காணல். இந்தத் தேதி கிடைப்பதற்கே மாதக்கணக்கில் தவம் கிடந்திருந்தாள். கல்யாணமான ஒரே மாதத்தில் விமானம் ஏறிப்போன புருஷனோடு போய் வாழ அவளுக்கு இருந்த ஒரே வழி அது. பாஸ்போர்ட் இல்லாமல் போனால் வாசல் காவலாளிகூட உள்ளே விடமாட்டான்.

"அத்தே!" என்று அவள் போட்ட சத்தத்தில் மாமியார் ராஜாமணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"நல்லாத் தேடிப் பாத்தியா புள்ள? நேத்து என் கண்ணு முன்னாலதான வெச்சுப் பூட்டுன?"

"பூட்டு பூட்டுனபடியே இருந்துச்சுங்க அத்தே. சாவியும் காலண்டருக்குப் பின்னால ஆணியிலயே தொங்குது."

மாமனார் மாது வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "போனாப் போவுது கண்ணு. வேற வாங்கிக்கலாம்" என்றார். வேறு வாங்கிக்கொள்ள அது என்ன பாப்பாரப்பட்டிச் சந்தையில் கூறு போட்டு விற்கிற கத்தரிக்காயா? நிர்மலாவுக்கு அழுகையோடு எரிச்சலும் முட்டிக்கொண்டு வந்தது. அவளே ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

ஒன்பது மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் தெரசா வந்தார். வந்தார் என்பதைவிட, வீட்டுக்கு வரும் வரப்புப் பாதையில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லலாம். ராத்திரி பெய்த மழையில் பாதை முழுக்கச் சேறு. ஸ்கூட்டரின் பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. மாது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய், குனிந்து, ஒரே தம்மில் வண்டியைத் தூக்கி மேட்டில் வைத்தார்.

தெரசா ஆள் குள்ளம். குரலும் சன்னம். ஆனால் கேட்கிற கேள்வி மட்டும் சுற்றி வளைக்காது. பீரோவைத் திறந்து பார்த்தவர் உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா, இந்த நெடி அடிக்குது?"

"அந்துருண்டைங்க மேடம். மழக்காலம், பட்டுப்பொடவயப் பூச்சி அரிச்சுரும்னு நேத்து ஒரு பாக்கெட்டையும் பிரிச்சுக் கொட்டினேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலங்க. கோச்சிங் சார் போனப்பறம், பாஸ்போர்ட்ட உள்ள வெக்கிறப்ப."

கோச்சிங் சார் என்பவர் இளம்பரிதி. தர்மபுரியிலிருந்து வந்து விசா நேர்காணலுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். புருஷனுக்குப் பிடித்த குழம்பு எது, அவன் ஆபீசுக்கு எதில் போகிறான், முதன்முதலில் இருவரும் பேசியது என்ன என்று அதிகாரி எதைக் கேட்டாலும் தடுமாறக் கூடாது என்பது அவர் வாதம். ராத்திரியானால் நவநீதனும் வீடியோவில் வந்து அதே கேள்விகளைக் கேட்டு அவளைத் தயார் செய்வான். "ஆபீசர் சிரிச்சா நீயும் சிரி. பயந்தா பொய்னு நெனச்சுருவாங்க" என்று நேற்றுக்கூடச் சொல்லியிருந்தான்.

தெரசா கூப்பிட்டதும் இளம்பரிதி பறந்து வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்தது. ராஜாமணி பதறிப்போய் முற்றத்திலேயே கையை நீட்டி மறித்தாள்.

"சார், சார்! புழுக் கொட்டாய் பக்கம் போயிராதீங்க! அந்தாண்ட சுத்தி வாங்க!"

வீட்டுக்குப் பின்னால்தான் பட்டுப்புழுக் கொட்டகை. புழுக்கள் நாலாவது முறையும் தோலுரித்து முடித்து, அசுரப் பசியோடு மல்பெரி இலையைத் தின்றுகொண்டிருந்தன. இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்டும். இந்த நேரத்தில் சென்ட், மருந்து, கொசுவத்தி என்று எந்த நெடி பட்டாலும் கொத்துக் கொத்தாகச் செத்துவிழும். அதனால் ராஜாமணி தலையில் பூ வைப்பதைக்கூட நிறுத்தியிருந்தாள்.

"பாஸ்போர்ட்ட எப்பக் கடைசியாப் பாத்தீங்க?" தெரசா இளம்பரிதியிடம் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் மேடம். நம்பர் சரியான்னு பாத்துட்டு சிஸ்டர் கையிலயே குடுத்துட்டேன்."

"உண்மைதானுங்க" என்றாள் ராஜாமணி. "இவுரு போனப்பறம்தான் இவ பூட்டுனா. நான் பக்கத்துலயே நின்னன்."

"ராத்திரி வெளிக்கதவு?"

"தாப்பாப் போட்டுத்தான் படுத்தோம். காத்தால நாந்தான் தொறந்தன்."

தெரசா தலையாட்டினார். பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார். "இன்னைக்குக் காலையில புழுவுக்குத் தழை போட்டது யாரு?"

பாஸ்போர்ட் போய்ப் பதறிக்கொண்டிருக்கும்போது புழுவுக்கு யார் சாப்பாடு போட்டால் என்ன? நிர்மலாவுக்கு அலுப்பாக இருந்தது. "நானும் அத்தையும்தாங்க. எப்பவும் மாமாதான் போடுவாரு. இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு இன்னைக்கு வேப்ப மரத்தடியிலயே நின்னுட்டாரு."

"நேத்து ராத்திரி?"

"இவரும் நானும்" என்றாள் ராஜாமணி. "இவள நான் உள்ளயே உடல. அந்துருண்டயத் தொட்டுட்டு, சோப்புப் போட்டுக் கழுவுனன்னு சொல்றா. மோந்து பாத்தா கம்முனு அடிக்குது. விடியக் காலைல தலைக்கு ஊத்திக்கிட்டு வந்தப்பறம்தான் சேத்துக்கிட்டன்."

தெரசா திரும்பினார். மாது தூணோரமாக நின்று துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இடுப்பு இப்பத் தேவலையா?"

"வலிதாங்கம்மா."

"என் ஸ்கூட்டரத் தூக்குனப்ப வலிக்கலையா?"

நிர்மலா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவு உள்பக்கம் தாழ். அப்ப எடுத்தது வூட்டு ஆளு" என்றார் தெரசா. "பீரோவுல அந்துருண்ட கொட்டுனதுக்கு அப்பறம் உள்ள கைய விட்டு எடுத்திருக்காங்க. அந்தக் கையில இருந்து லேசுல நாத்தம் போகாது. வெளித் திருடனுக்குப் புழு செத்தா என்ன, பொழச்சா என்ன? புழு வளக்குறவருக்குத்தான் அந்தக் கையோட கொட்டாய்க்குள்ள போக மனசு வராது. இன்னைக்குக் காலையில மூணு பேர்ல ரெண்டு பேர் தைரியமா உள்ள போயிருக்காங்க. தெனமும் போற ஒருத்தர் மட்டும் இல்லாத இடுப்பு வலியச் சொல்லிட்டு மரத்தடியில நின்னிருக்கார். பாஸ்போர்ட்ட எடுத்தது நீங்கதானய்யா?"

நிர்மலாவால் நம்ப முடியவில்லை. மாமாவா? அவள் சாப்பிட்டுவிட்டாளா என்று கேட்காமல் தட்டில் கை வைக்காத மனிதர். கம்பைநல்லூரில் அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவர்.

"மாமா, இல்லைன்னு சொல்லுங்க மாமா."

மாது அவளைப் பார்க்கவில்லை. கிணற்றடி மோட்டார் ரூமுக்கு நடந்தார். சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். பாஸ்போர்ட் அதற்குள் இருந்தது.

"அடுப்புல போட்டுரச் சொன்னான் கண்ணு. எனக்குக் கை வரல."

"யாரு சொன்னது?"

மாது கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜாமணி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருன்னு கேக்குறாள்ல? சொல்லித் தொலைங்க!"

"ஒம் மவன்தான்" என்றார் மாது. "அங்க வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துறானாம். இவ வந்து எறங்குனா அசிங்கமாப் போயிரும், பாஸ்போர்ட் தொலைஞ்சா ஒரு வருசம் தள்ளிப் போவும், அதுக்குள்ள எதாச்சும் பண்ணிக்கறேன்னு அழுவுறான். நான் என்ன பண்ணுவன்?"

"பொய்" என்றாள் நிர்மலா. அவள் குரல் அவளுக்கே வேற்றுக் குரலாகக் கேட்டது. நேற்று ராத்திரி வீடியோவில் சிரித்துச் சிரித்துப் பேசியவன், எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன், இப்படிச் சொல்லியிருக்க முடியுமா? அவள் மாமனாரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். நவநீதனின் பெயரை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

அங்கே நள்ளிரவை நெருங்கும் நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அப்பா, எரிச்சுட்டீங்களா? அவளுக்குச் சந்தேகம் ஒண்ணும் வரலியே?"

அவன் குரலுக்குப் பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. "உன் பையன் தூங்கவே மாட்டேங்கிறான், வந்து புடி" என்று ஒரு பெண் தமிழிலேயே சலித்துக்கொண்டாள்.

இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டார். நிர்மலா போன் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எரிக்கலீங்க" என்றாள். "நிர்மலா பேசறேன்."

எதிர்முனை துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது.

மாது இரண்டு கையையும் தெரசாவை நோக்கி நீட்டினார். "எடுத்தது நாந்தான். கூட்டிப் போங்கம்மா."

"நீங்க சொல்லுங்க நிர்மலா" என்றார் தெரசா. "புகார் குடுத்தது நீங்க."

நிர்மலா அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுகையோடேதான் பேசினாள். "மாமா மேல வேணாங்க மேடம். அவரு மேல எழுதுங்க. என்னக் கட்டிக்கிட்டு இன்னொரு குடும்பம் நடத்துறாரு. எம் பாஸ்போர்ட்ட எரிக்கச் சொன்னாரு. ரெண்டையும் எழுதுங்க."

"எழுதுறேன். ஆனா போன்ல கேட்டத நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்ல ஆள் வேணும்."

இளம்பரிதி வாயெடுத்தார். அதற்குள், அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ராஜாமணி முன்னால் வந்தாள்.

"எம் பேரப் போடுங்கம்மா. நான் வந்து சொல்றன்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அது உங்க பையன்."

"தெரிஞ்சுதான் சொல்றன். ராஜாமணின்னு எழுதி, அவனப் பெத்த ஆத்தான்னும் சேத்து எழுதுங்க."