நகர மறுத்த ஃபைல்

"ஐயோ... ரோபோ சாரை அடிச்சிருச்சி!"

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. வெல்டிங் ஷாப்பில் மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரம். ரோபோவின் இரும்புக் கூண்டுக்குள் சூப்பர்வைசர் தணிகாசலம் குப்புறக் கிடந்தார்.

உயிர் இல்லை!

பக்கத்தில் ரத்தக் கையோடு ஆபரேட்டர் மாரி.

காலையில்தான் ஓ.டி. சம்பளத் தகராறில், "உன்னை வுட மாட்டேன்யா!" என்று கேன்டீனே அதிர அவரிடம் கத்தியிருந்தான். ஒரு போலீஸ் கேஸுக்கு வேறென்ன வேண்டும்?

இன்ஸ்பெக்டர் சந்திரலேகா வந்ததும் காலில் விழுந்தான்.

"தூக்கி வுடத்தான் மேடம் போனேன்! நான் உள்ள போய்ட்டா என் பொண்டாட்டி பாஞ்சாலியும் கொயந்தையும் நடுத்தெருவுலதான் நிக்கணும்!"

"கூண்டுக் கதவைத் திறந்தா ரோபோ தானா நின்னுடுமாமே?"

"நிக்கும் மேடம். யாரோ ரோபோவை ஓட்டற லைன் பிசியில அந்த சேஃப்டி லாக்கை எடுத்து வுட்ருக்காங்க."

"யாரோ என்ன யாரோ? இவன்தான்!" என்றார் பிளான்ட் மேனேஜர் மோகன். "நான் காலையிலேருந்து கான்ஃபரன்ஸ் ரூம்ல இருக்கேன். இந்த ஷாப் பக்கமே வரலை. இவனைத் தவிர வேற யாருக்கு அவர் மேல கோபம்?"

பிசி முன்னால் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள் ஜோயல். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"லாக்கை யார் எடுத்தாங்கன்னு அதுல பதிவாகியிருக்குமே, தம்பி?"

"இருந்துச்சு மேடம்... யாரோ அழிச்சிட்டாங்க. தோண்டி எடுத்திருக்கலாம். ஆனா நான் டிஃப்ராக் ஓட்டிட்டேன்."

"அப்படின்னா?"

"டிஸ்க்குல சிதறிக் கெடக்கற ஃபைலையெல்லாம் நகத்தி, வரிசையா அடுக்கறது. அழிச்ச எடத்து மேல வேற ஃபைல் வந்து உக்காந்துடுச்சு."

"அடப்பாவி! பொணம் கிடக்கறப்ப அடுக்கி வைக்கிற வேலையா உனக்கு?"

"மோகன் சார்தான் போன் பண்ணி, பிசி ஸ்லோவா இருக்கு, ஒடனே ஓட்டுன்னாரு..."

"லைன் நின்னா கஸ்டமருக்கு நான்தானே பதில் சொல்லணும்?" என்றார் மோகன், அசராமல்.

என்ன கடமை உணர்ச்சி! ஆம்புலன்ஸுக்குச் சொல்ல மறந்த மனுஷன், பிசியின் வேகத்தை மறக்கவில்லை.

சந்திரலேகா ஜோயலைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். ஒரு டீ குடிக்கிற நேரம். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு!

"மோகன் சார்... எல்லா ஃபைலும் நகராதாமே? சிஸ்டம் ஃபைல் சிலதை டிஃப்ராக் தொடவே முடியாதாம். கல்யாண வீட்டுல எல்லாரையும் தள்ளி உக்காரச் சொல்லலாம். மாப்பிள்ளையோட தாய்மாமனை எழுப்ப முடியுமா?"

மோகனின் கர்ச்சீப் நெற்றிக்குப் போனது.

"மாரி, ஷிஃப்ட் முடிஞ்சா இந்த பிசியை என்ன பண்ணுவீங்க?"

"ஹைபர்னேட்ல போட்டுத் தூங்க வச்சிட்டுப் போவோம் மேடம். ஷட் டவுன் பண்ணா, திரும்ப ஆன் ஆவறதுக்குள்ள பொழுது போய்டும். லேட்டானா எங்களைத்தான் திட்டுவாங்க. அதனால இங்க யாருமே ஷட் டவுன் பண்றதில்ல."

"கேட்டீங்களா சார்? இன்னிக்கும் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கப் போறப்ப ஸ்கிரீன்ல இருந்தது பூரா ஒரு சிஸ்டம் ஃபைல்ல அப்படியே பதிவாகுதாம். லாக்கை எடுத்தவன் பேரோட! டிஃப்ராக் ஓடியும் அந்த ஃபைல் இருந்த இடத்துலயே இருக்கு. ஜோயல், திற அதை!"

"சும்மா கதை விடாதீங்க!" மோகன் கத்தினார். "அதுல ஒரு மண்ணும் இருக்காது! பிசி எங்கே ஹைபர்னேட் ஆச்சு? நான்தான் பிளக்கையே புடுங்கிட்டேனே..!"



"அப்படியா?" என்றார் சந்திரலேகா மெதுவாக. "கான்ஃபரன்ஸ் ரூம்லேருந்து இங்க இருக்கற பிளக் எட்டுச்சா சார்?"

மோகன் காற்றுப் போன டயர் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எல்லாம் கொட்டியது. கழிவு இரும்பு ஏற்றிய ஸ்க்ராப் லாரிகளை அவர் மண்ணூர்க் கிடங்குக்குத் திருட்டுத்தனமாகக் கடத்தியதைத் தணிகாசலம் மோப்பம் பிடித்துவிட்டாராம். மேலிடத்தில் சொல்லப் போகிறேன் என்றாராம். ரோபோவைக் கொஞ்சம் பாருங்கள் என்று கூண்டுக்குள் அனுப்பி, லாக்கை எடுத்து, ரோபோவை ஓட விட்டாராம். அப்புறம் பதிவை அழித்து, பிளக்கையும் பிடுங்கினாராம்.

மாரி ஓவென்று அழுதான்.

"அழுதது போதும்யா. பாஞ்சாலிக்கு போன் போடு!" என்றார் சந்திரலேகா.

ஜீப்பில் ஏறும்போது மோகன் ஈனசுரத்தில் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம்... அந்த ஃபைல்ல நிஜமாவே என்னதான் இருந்துச்சு?"

"எனக்கெப்படி சார் தெரியும்? எங்க வீட்டுல கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே என் பொண்ணு வரணும்!"