ஆடாமல் நின்ற கதிரை

காலையில் கையை ஊன்றிப் பார்த்தபோது கதிரை ஆடவில்லை.

பாலசிங்கம் செய்த கதிரை ஆடாமல் நிற்பதென்றால் கோணேசர் மலை எழும்பி நடந்த மாதிரி. துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிறேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர் அவர். காற்றில் விழுகிற வேலி மரங்களை வாங்கி, பட்டையும் முடிச்சும் போகாமல் மேசை, கதிரை செய்து நிலாவெளி ஹோட்டல்களுக்கு விற்கிறார். அந்த மேசையில் வைத்த முட்டை உருண்டு சல்லிக் கிராமத்துக் கடலில்தான் போய் நிற்கும் என்பாள் மனைவி புஸ்பராணி. ஆனால் மனிதரின் புளுகைக் கேட்டால் நங்கூரம் போட்ட கப்பலே நாலடி பின்னால் போகும். "என்ர கதிரையில இருந்து பாருங்கோ. எழும்ப மனம் வராது."

இந்தப் பூவரசங் கதிரை மட்டும் விற்பதற்கல்ல. புஸ்பராணியின் முழங்கால் வலிக்கென்று செய்தது. இடது முன்கால் ஒரு விரல் கட்டை. அதன் கீழே அவர்தான் பெட்டி மட்டை மடித்து வைத்திருந்தார். இப்போது மட்டை ஒதுங்கிக் கிடந்தது. கால் தரையில் அழுந்தி நின்றது.

அந்தக் காலுக்காகத்தான் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. கிளையின் பருத்த அடிப்பக்கம் இருக்கையைத் தாங்கினால் வடிவாயிருக்கும் என்று அவர் அதை மேலே வைத்துப் பூட்டினார்.

"தலைகீழா நிப்பாட்டுறியள். தூணெண்டாலும் கதிரைக் காலெண்டாலும் வேர்ப்பக்கம் நிலத்தைப் பாக்க வேணும்."

"வெட்டின மரத்துக்கு மேலேது, கீழேது? நாளைக்குக் கருவாட்டையும் தலை மேல பாக்கத்தான் பொரிக்க வேணும் எண்டுவாய்."

நேற்றுப் பின்னேரம் அதில் போய் இருந்தவள்தான். இரவு அங்கேயே தூங்கிப்போனாள். இன்று மத்தியானமும் ஆயிற்று. வெளியே மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டியது. துறைமுகத்துக் கப்பல் ஊதியது கூட நனைந்த துணிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. மின்சாரம் நின்ற அறைக்குள் வார்னிஷ் வாசத்தையும் மீறி, அப்போதுதான் ஒடித்த கொப்பின் பச்சை வாசம் கனத்து நின்றது.

"புஸ்பம், சாப்பிட வாவன்."

"பசிக்கேல்ல. தண்ணி மட்டும் தாங்கோ."

"முழங்கால் எப்பிடி?"

"நோகேல்ல. கால் இருக்கெண்டே தெரியேல்ல." கண்ணை மூடியபடி சிரித்தாள். "கடைசில உங்கட புளுகு பலிச்சிட்டுது."

செம்பு செம்பாகக் குடித்தாள். கிணறே வற்றிவிடும் போலக் குடித்தாள். அவர் செம்பைப் பிடித்தபடி காதைக் கொடுத்தார். விழுங்குகிற சத்தம் இல்லை. காய்ந்த பாத்தியில் வாளித் தண்ணீர் ஊற்றினால் வருமே, மண் மெல்ல மெல்ல உறிஞ்சுகிற அந்தச் சத்தம். அவள் தொண்டை அசையவில்லை.

செம்பைக் கீழே வைக்கும்போதுதான் கண்டார். இடது முன்காலின் அடியில், தரையோடு ஒட்டி, ஓர் இலை. இதய வடிவில், எண்ணெய் பூசியது போல மினுங்கிக்கொண்டு. அதன் பக்கத்தில் இன்னொன்று, சுருள் விரியாமல்.

பூவரசு கட்டையிலும் துளிர்க்கும். அதற்கென்ன. அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் துளிர் கீழே.

நுனி கீழே நிற்கிறது. அதனால் துளிர் கீழே.

அப்படியென்றால் வேர்?

ரோச் லைட்டை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, இருக்கையின் அடியைப் பார்த்தார். பருத்த அடிமரம் வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து இடியப்பம் போல வெள்ளை நூல்கள். நூறா, ஆயிரமா. எல்லாம் மேல்நோக்கி. இருக்கைக் கம்புகளின் இடைவெளி ஒவ்வொன்றுக்குள்ளாலும், அவள் சேலைக்குள். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"புஸ்பம், எழும்பு."

"ஏலாது."

"எழும்பம்மா."

"மனம் வரேல்ல."

மரம் அறுக்கும் வாளை எடுத்தார். கதிரையின் அந்தக் காலில் வைத்தார். ஓர் இழுவை.

"மெல்ல," என்றாள் அவள். "நோகுது."

வாள் விழுந்தது. அவர் பின்னுக்கு நகர்ந்தார். சுவர் முதுகில் முட்டியது. அடுத்த வீட்டு நல்லம்மாவைக் கூப்பிட வேண்டும். யாரையாவது. கதவை இழுத்துத் திறந்தார்.

மழை விட்டிருந்தது. பின்னேர வெயில் மஞ்சளாக உள்ளே விழுந்து கதிரை வரை நீண்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

கால் அடியில் இருந்த இலைகள் வெளிச்சத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. மெதுவாக. அதே மெதுவோடு, அதே பக்கம், கண் திறக்காமலே, அவள் முகமும்.

"புஸ்பம்."

அவள் சிரித்தாள். உதடு விரிந்தது. பல்லுக்கிடையில் வெள்ளையாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. வெயில் பட்டதும் அது கூசி, நெளிந்து, உள்ளே போயிற்று.

"கதவைச் சாத்துங்கோ," என்றாள்.