இரண்டடி தள்ளி நின்றவன்

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றதும், அவள் கதவை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"எந்த மடையன் இதை ரிப்பேர் பண்ணினான்? ஒன்பதரைக்கு எனக்கு ஆள் காத்துக்கிட்டு இருப்பாங்க..."

"உதைக்காதீங்க. அதுக்கு ரோஷம் ஜாஸ்தி. இன்னும் அடம் பிடிக்கும்."

அப்போதுதான் மூலையில் நின்றவனைச் சரியாகப் பார்த்தாள். மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். வலது கையை மட்டும் பாலிதீன் பைக்குள் விட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழுவேனா மாட்டேனா என்று நின்றது. அதை ஏன் கவனித்தாள் என்று அவளையே கேட்டாலும் தெரியாது.

"நீங்க யாரு சார் அதைச் சொல்ல?"

"அந்த மடையன்." கண் சிரித்தது. "நாலு வருஷமா இந்த லிஃப்டைப் பார்த்துக்கறவன் நான்தான். இப்ப கைக்கு லீவு... அந்தக் கதவோட இடது ஓரத்தைத் தோளால மெதுவா அமுக்குங்க. மெதுவாம்மா! தேய்ஞ்சு போச்சு, முழுசா மூடலை. அதான் நகர மாட்டேங்குது."

அமுக்கினாள். லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டு மேலே ஏறியது. அவளுக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஐந்தாம் மாடியில் இருவரும் ஒரே கதவை நோக்கி நடந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த அக்கா தலையை நிமிர்த்தி, "வந்தாச்சா ரெண்டு பேரும்? இவர்தான் உன்னோட ஒன்பதரை" என்றாள்.

கை அறுவை முடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து விரலை வழிக்குக் கொண்டு வருவது அவள் வேலை. படிப்புக்குப் பெயர் இயன்முறை மருத்துவம். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'விரல் டாக்டர்'தான். இவன் லிஃப்ட் மெக்கானிக். ஸ்பானர் பிடித்துப் பிடித்தே வலது கட்டைவிரலின் தசைநாண் நைந்து, இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அறுந்தே போய்விட்டது. தைத்திருந்தார்கள். இனி அந்த விரல் பழையபடி அழுத்தினால்தான் அவனுக்கு வேலை, இல்லாவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் வாரம் ரப்பர் பந்து, துணி கிளிப், களிமண் உருண்டை. மூன்றாவது நாளே அவனுக்கு அலுத்துவிட்டது.

"இதெல்லாம் எல்.கே.ஜி. பாடமா இருக்கே டாக்டரம்மா... வேற ஒண்ணும் இல்லையா?"

"வீடியோ கேம் ஆடுவீங்களா?" என்று அறை மூலையில் இருந்த டி.வி.யைக் காட்டினாள். பட்டன்களைத் தட்டினால் விரலுக்கு நல்ல பயிற்சி. அதற்காகவே கிளினிக்கில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருந்தாள்.

திரையில் அந்தரத்தில் தொங்கும் ஒரு மேடை வந்தது. இரண்டு பேர் மேடையில் அடித்துக்கொள்ள வேண்டும். வாங்குகிற அடி சேரச் சேர, அடுத்த அடிக்கு அவ்வளவு தூரம் பறப்பார்கள். மேடையை விட்டு விழுந்தால் ஓர் உயிர் போச்சு. ஆளுக்கு மூன்று உயிர். ஆட்டம் அவ்வளவுதான்... அவ்வளவுதான் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம்.

அவன் யோசிக்கவே இல்லை. 'பாறாங்கல்' என்ற ஆளைத் தேர்ந்தெடுத்தான்.

பாறாங்கல்லை யார் எடுப்பார்கள்! மலை போல உடம்பு, ஆமை நடை. எதிராளி நாலு அடி அடிப்பதற்குள் இவன் ஒன்று அடிப்பான். ஆனால் அந்த ஒன்று போதும், ஆளைக் காணோம். எத்தனை அடி வாங்கினாலும் லேசில் நகர மாட்டான். ஒரே ஒரு குறை, மேடைக்கு வெளியே போனால் தொலைந்தான். ஒரே தாவல்தான் தெரியும், அதுவும் அரைத் தாவல். தொப்பென்று கீழே போய்விடுவான்.

"ஊரையெல்லாம் மேலே ஏத்தி விடறேன். என் ஆளு மட்டும் மேலே ஏற மாட்டான்" என்றான் அவன்.

சிரித்தபடி திரையைப் பார்த்தவள்... அப்படியே உறைந்தாள். கம்ப்யூட்டர் ஆளை ஒருமுறை கீழே தள்ளியதும், பாறாங்கல் இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்வது போல.

அந்தக் குனிதல் அவளுக்குத் தெரியும். ஒரு வருடமாகத் தினம் சாயங்காலம் பார்த்த குனிதல். முகம் தெரியாது, பேர் தெரியாது. 'கீழ்த்தளம்' என்ற புனைபெயர் மட்டும். வீட்டில் டீயும் கையுமாக உட்கார்ந்து, 'உப்புமூட்டை' என்ற பெயரில் அவள் 'தட்டான்' என்ற பூச்சி ஆளை வைத்து ஆடுவாள். தட்டான் பஞ்சு மாதிரி லேசு, காற்றிலேயே மூன்று தாவல் தாவும். எவ்வளவு ஆழத்தில் விழுந்தாலும் மேடை விளிம்பைத் தொற்றி ஏறி வந்துவிடும். பாறாங்கல்லிடம் ஒரே ஒரு பெரிய உதை வாங்கினால் மட்டும் கதை முடிந்தது.

இரண்டு மாதத்துக்கு முன், கடைசி ஆட்டத்தில், தட்டான் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பாறாங்கல் வழக்கம்போல இரண்டடி தள்ளி நின்றது. ஏறினாள். உதை வரவில்லை. மறுபடி தொங்கினாள், ஏறினாள். அப்போதும் வரவில்லை. அவளே ஜெயித்தாள். அவளுக்கு எரிந்தது. 'பாவம் பார்த்து ஆடறவங்களோட நான் ஆடறதில்லை. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க' என்று மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. முதல் வாரம் வீறாப்பு. இரண்டாம் வாரம் உறுத்தல். அப்புறம் தினமும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கடுமையா எழுதியிருக்க வேண்டாமே என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

இப்போது அவன் இதோ, கைக்கெட்டும் தூரத்தில்...

சொல்லிவிடு என்றது மனசு. வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அவனே பேசினான். பட்டனை அழுத்தி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த விரலால ஒரு சிநேகம் போச்சு டாக்டரம்மா" என்றான். "உப்புமூட்டைன்னு ஒருத்தர். அன்னிக்கு அடிக்கற பட்டனை அமுக்கறேன், விரல் வரவே இல்லை. உயிர் போற வலி. அவங்க, நான் பாவம் பார்த்தேன்னு நினைச்சுட்டாங்க."

"சொல்லியிருக்கலாமே..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"தோத்ததுக்கு அப்புறம் வலிக்குதுன்னு சொன்னா சாக்கு மாதிரி இருக்காது? எழுதினேன், அழிச்சேன். எழுதினேன், அழிச்சேன். அப்புறம் கையில கட்டுப் போட்டுட்டாங்க."

பாவமில்லை... வலி! தினம் பத்து விரலைப் பிடித்துப் பார்க்கிறவள், ஒரு விரல் வலித்ததைப் பாவம் என்று படித்திருக்கிறாள். இனி எந்த முகத்தோடு சொல்வது? தெரிந்தால் எழுந்து போய்விடுவானே! விரல் சரியாகிற வரைக்குமாவது இங்கே வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அது விரலுக்காகவா, தனக்காகவா என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

மாட்டிக்கொண்டது அதற்கு அடுத்த வாரம். ஆட்டத்தில் கம்ப்யூட்டர் ஆள் விளிம்பில் தொங்க, அவன் கிட்டே போய் நின்று தடுமாறினான்.

"ஏங்க அங்க போறீங்க? வழக்கம்போல ரெண்டடி தள்ளி நில்லுங்க. அங்கேருந்துதானே உங்க உதை சரியா எட்டும்!"

அவன் கை நின்றது. மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டான்.

அடுத்த முறை அவன் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும்.

"எங்கே உன் லிஃப்ட்காரர்?" என்றாள் வரவேற்பு அக்கா. "போன் பண்ணினா எடுக்கலை. நீ ஏண்டி பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லைன்னா கண்ணு ஏன் வாசலையே பார்க்குது? எனக்கு வயசுதான் ஆச்சு, கண்ணு போகலை."

அவளுக்கு அழுகையாக வந்தது. ஒரு முறை மெசேஜ் அனுப்பித் துரத்தினாள். இந்த முறை வாயாலேயே. முடிகிற சமயத்தில் விட்டால் அந்த விரல் இறுகிவிடும், வேலை போய்விடும். தன்னால் ஒருத்தன் பிழைப்பே போகப் போகிறதே என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் முறை, அதே ஒன்பதரைக்கு, அதே மழையில், அவன் வாசலில் நின்றான். அவளுக்கு மூச்சு வந்தது. நிஜமாகவே அதுவரை எங்கோ மாட்டிக்கொண்டிருந்த மூச்சு.

"திட்டணும்னா அப்புறம் திட்டுங்க" என்றான். "வீட்ல பயிற்சியை ஒருநாள்கூட விடலை. இங்க இன்னிக்குக் கடைசி நாள்தானே? ஆடலாமா... நீங்களும் நானும்? தட்டானை எடுங்க."

அவனுக்குத் தெரியும்!

"நான் பாவம் பார்க்க மாட்டேன்" என்றாள் மெல்ல.

"பார்த்தீங்கன்னா கேஸ் போடுவேன்."

ஆடினார்கள். தட்டான் சுற்றிச் சுற்றி அடித்தது. பாறாங்கல் வாங்கிக்கொண்டே நின்றது, சமயம் பார்த்து ஒன்று வைத்தது. கதவு இடுக்கில் வரவேற்பு அக்காவின் முகம் தெரிந்தது. ஆளுக்கு ஒரே உயிர் மிச்சம்.

தட்டான் விழுந்து, மூன்று தாவலில் மேலே வந்து, விளிம்பைத் தொற்றியது. பாறாங்கல் இரண்டடி தள்ளி நின்றது. அதே இடம்... அதே காத்திருப்பு. அவள் உருண்டு ஏறப் பார்த்தாள். ஓரக்கண்ணில் அவன் கட்டைவிரல் தெரிந்தது. அழுத்தியது. பிடித்தது. நடுங்கவில்லை. விட்டது.

உதை இடி மாதிரி விழுந்தது. தட்டான் திரையை விட்டே பறந்துபோனது.

"வந்துடுச்சு!" தோற்றவள்தான் துள்ளிக் குதித்தாள். "விரல் வந்துடுச்சுங்க! கொஞ்சம்கூட நடுங்கலை!" கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "விட்டுக் கொடுத்தீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லை!"

"பார்த்தீங்களா... கேட்கறவங்களுக்குச் சுலபம், இல்லைன்னு நிரூபிக்கறதுதான் கஷ்டம்" என்றான் அவன். அப்புறம் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அன்னிக்கு நான் எழுதினதுக்கு... மன்னிச்சுடுங்க" என்றாள் சிரிப்பு அடங்கியதும். "தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க வராம போயிடுவீங்களோன்னு பயம்."

"முதல் ரெண்டு நாள் கோபம்தான். நம்மளை வேடிக்கை பார்த்திருக்காங்களேன்னு. அப்புறம் யோசிச்சேன்... நான் எங்கே நிப்பேன், எவ்வளவு தள்ளி நிப்பேன்னு உலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு. அவங்ககிட்ட என்ன கோபம்?"

அவள் கருவியை எடுத்து விரலின் வலுவை அளந்தாள். வேலைக்குப் போகலாம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, அவனுடைய அட்டையை மூடினாள்.

"இப்ப நீங்க என் பேஷன்ட் இல்லை."

"அப்பாடா" என்றான் அவன், நாற்காலியில் சாய்ந்து. "இதுக்காகத்தான் இவ்வளவு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

போனை எடுத்தான். தைத்த கட்டைவிரலாலேயே நிதானமாக ஏதோ அடித்தான். அவள் கோட்டுப் பையில் போன் சிணுங்கியது. மூன்று மாதமாக ஊமையாகக் கிடந்த அந்தப் பெயரிலிருந்து ஒரு செய்தி.

'வலிச்சுது. அதான் அடிக்கலை. இப்ப வலிக்கலை. உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்தப் பக்கம் வரலாமா?'

அவளுக்கு எழுத்து கலங்கியது. பதில் எழுத விரல் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கீழே போகிற சாக்கில் அவனோடு லிஃப்டுக்குள் நுழைந்தாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. வரவேற்பு அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

அவன் கட்டைவிரலால் பொத்தானை அழுத்திவிட்டு, பழக்க தோஷமாக இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

நான்கு... மூன்று... இன்றைக்கென்று பார்த்து இந்த லிஃப்ட் நிற்காமல் போகிறதே! அவள் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாம் மாடி விளக்கு எரிந்தபோது, அந்த இரண்டடியையும் நடந்துபோய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"வாங்க" என்றாள். "தினமும் வாங்க. எனக்கும் பிடிச்சிருக்கு... முகம் தெரியாதப்போவே பிடிச்சிருந்துது."