பேசாத செவிமணி

உயிர்வேலி நிறுவனத்துக்குத் தொம்மை கொடுக்க வேண்டிய பாக்கி ஆறு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்து இருநூற்றுப் பதினேழு ரூபாய். அதை மறைக்க வழியில்லை. அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த நாடிப்பட்டையின் மேல் அது சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. மூட்டைக்குக் கை கொடுக்கும்போது எதிரே நிற்கிறவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

தூத்துக்குடித் துறைமுகத்து உரக் கிடங்கில் நல்ல மூட்டைகளை எல்லாம் தூக்கிகள் எடுத்துக்கொண்டு போய்விடும். தூக்கி என்பது இரும்புக் கை வைத்த வண்டி, ஓட்ட ஆள் கிடையாது. கிழிந்த மூட்டைக்கு மட்டும்தான் மனுஷன் வேண்டும். இரும்புக் கை பட்டால் கிழிசல் பெரிதாகிவிடும். அதனால் கிழிந்ததை மார்போடு அணைத்துச் சுமக்கிற வேலை சுடலை மேஸ்திரியின் கூட்டத்துக்கு வந்தது. சிந்தின தூள் மூக்கு வழியாக உள்ளே போனது. எல்லோருக்கும் போனதுதான், தொம்மைக்கு அதிகமாகப் போய்விட்டது.

உயிர்வேலிக்காரர்கள் அவன் நெஞ்சுக்குள் மூச்சுச்சல்லடை வைத்தார்கள். தேனடை மாதிரிச் சின்னப் பொருள். தூளைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் உள்ளே விடும். ஒரு வருஷத்தில் அடைத்துப்போகும், புதிது மாற்ற வேண்டும். பழைய பாக்கியை முழுவதும் கட்டினால்தான் புதிது. அந்த வருஷத்தில் பாதிக்குமேல் ஓடிவிட்டது.

நாடிப்பட்டை இல்லாமல் கிடங்குக் கதவு திறக்காது, பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ரேஷனும் கிடையாது. ஆனால் பட்டை இனாம். உள்பக்கத்தை உயிர்வேலி வைத்திருந்தது, அது பகலில், வேலை நேரத்தில் நாடியைப் படிக்கும். வெளிப்பக்கத்தையும், கூடவே காதில் செருகுகிற செவிமணியையும் அழைப்பொலி என்ற விளம்பர நிறுவனம் வைத்திருந்தது, அது பேசும். ஒரே மணிக்கட்டில் இரண்டு முதலாளிகள்.

கூட்டத்துக்கென்று பொதுப்பணம் ஒன்று இருந்தது. தினக்கூலியில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போட்டுச் சேர்த்தது. தொம்மையின் கடனில் மூன்றில் ஒரு பங்கு தேறும். அதைப் பெருக்கினால் புதுச் சல்லடை வாங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில், மதிய இடைவேளையில், அந்தப் பேச்சு நடந்தது.

"அழைப்பொலி பங்கு வாங்குவோம்," என்றான் உச்சிமாகாளி. கூட்டத்தில் பங்குச் சந்தைக் கிறுக்கு அவனுக்குத்தான். "நோய் என்னைக்காவது வருது. ஆசை தினமும் வருதுல்லா. இந்தா, இப்ப என் காதுல என்ன சொல்லுது தெரியுமா? 'மாகாளி அண்ணாச்சி, காலைல நீங்க சரியாச் சாப்பிடல, ரயில்வே கேட்டுப் பக்கம் பொரிச்ச புரோட்டா சூடா இருக்கு'ங்குது. என் பொண்டாட்டி இப்படிக் கேட்டதில்ல."

"நீயும் போயித் திங்கத்தான செய்யுத," என்றார் சுடலை.

"திங்கேன். அதத்தான் சொல்லுதேன். நான் தின்ன புரோட்டாவுல அவனுக்கும் ஒரு துட்டு. ஊருக்குள்ள எத்தன காது இருக்கு, எண்ணிப்பாரும்."

சுடலை டீயை ஊதினார். "புரோட்டா வேண்டாம்னு சொல்லிரலாம். மூச்சு வேண்டாம்னு சொல்ல முடியுமாலே? என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆகணும். அந்தப் பங்குதான் நிக்கும்."

"அரசாங்கம் விலையக் கட்டுனா? வேற ஒருத்தன் பாதி விலைக்குச் சல்லடை செஞ்சிட்டா?"

"எல்லாவனும் செவிமணியப் புடுங்கி எறிஞ்சிட்டா?"

"எறிய முடியாதே. அது காதுல இல்லாம கதவு தொறக்காதே."

தொம்மை இருமலோடு சிரித்தான். "ரெண்டு பேரும் என்னய வச்சுல்லா யாவாரம் பேசுதிய. ஒருத்தருக்கு நான் மூச்சு விடணும், ஒருத்தனுக்கு நான் புரோட்டா திங்கணும். எதுன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்கவே, அதுக்குத் தக்கன இருந்துக்கிடுதேன்."

அவனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மனைவி மிக்கேலம்மாள் தூக்குவாளியை இறக்கிவைத்தாள். "அந்தப் பணத்த அப்படியே கடனுக்குக் கட்டிருங்களேன் அண்ணே. கொஞ்சமாச்சும் எறங்கும்லா."

"கொஞ்சம் எறங்கி என்னத்துக்கும்மா," என்றார் சுடலை. "முழுசும் கட்டினாத்தான சல்லடை."

மாகாளி விடவில்லை. அழைப்பொலியின் தலைவர் பங்குதாரர்களுக்குப் பேசிய பேச்சை அவன் முழுதாகக் கேட்டிருந்தான். "வாங்காத காதுல ஒரு சொல்லும் பேசமாட்டோம்ங்கான் அந்த ஆளு. ஒவ்வொரு சொல்லையும் ஏலம் விடுதானுவ. இவரு நாளைக்கு என்ன வாங்குவாரு, அடுத்த வருஷம் என்ன வாங்குவாருன்னு காதுல பேச்சையும் மூச்சையும் கேட்டுக் கணக்குப் போட்டுத்தான் வியாபாரிமாரு ஏலம் கேக்காங்க. ஒரு துட்டு வீணாப் போகாது. அப்படிப்பட்ட கம்பெனி."

"தொம்ம நெஞ்சுக்குள்ள இருக்கது உயிர்வேலிச் சாமான்," என்று சுடலை முடித்தார். "அவன் நல்லா இருந்தா அந்தக் கம்பெனியும் நல்லா இருக்கும். வாங்குனா அதத்தான் வாங்கணும்."

உயிர்வேலிப் பங்கே வாங்கினார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது தொம்மையால் மூட்டைக்கு நிற்க முடியவில்லை. நாலு நாள் வராவிட்டால் பட்டை அவன் பெயரைக் கிடங்கிலிருந்து எடுத்துவிடும். வேலை போனால் கடனுக்குத் தவணை நிற்கும், தவணை நின்றால் சல்லடை கிடையாது.

சுமை தூக்குகிறவர்களிடம் வெகுகாலமாக ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் மற்றவர்கள் முறை வைத்து அவன் சுமையையும் தூக்குவார்கள். மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டால் முறைக்காரன் 'இருக்கேன்' என்பான். நிழலுக்கு நிற்பது என்று அதற்குப் பெயர். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. பட்டை வந்த பிறகும் அதே வழக்கத்தைச் செய்தார்கள். தேங்காயெண்ணெய் தடவிப் பட்டையைத் தொம்மையின் கையிலிருந்து உருவி, முறைக்காரன் தன் இன்னொரு கையில் மாட்டிக்கொண்டான். தொம்மையின் செவிமணியை இன்னொரு காதில் செருகிக்கொண்டான். கதவு திறந்தது. சாயங்காலம் பட்டை தொம்மை வீட்டுக்குப் போனது.

கார்த்திகையில் உயிர்வேலி ஒரு செய்தி வெளியிட்டது. துறைமுகத் தொழிலாளி ஒருவரின் நெஞ்சில் வைத்த சல்லடை அடைபடவே இல்லை, நாடி நாளுக்கு நாள் உறுதியாகிறது, இருபது வயது இளைஞனுடைய மூச்சு என்று சொன்னது. பங்கு ஏறியது. மறுவாரமும் ஏறியது, மாதக் கடைசியில் மூன்று மடங்கைத் தாண்டியது.

"பாத்தியாலே, என்ன சொன்னேன்," என்றார் சுடலை.

மாகாளி ஒத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் முறை. தொம்மையின் செவிமணி அவன் இடது காதில் இருந்தது. "மாகாளி அண்ணாச்சி, தோள் வலிக்குமே, தைலம் வேணுமா," என்று அது கேட்டது. பட்டை தொம்மையுடையது, பெயரோ தன்னுடையது. நல்ல வேடிக்கை என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தான். அவர்களும், தங்கள் முறையில் தங்கள் பெயரைத்தான் சொன்னது என்றார்கள். ஆளுக்குத் தக்கன ஒன்றை விற்றது. ஒருவனுக்குச் சாராயம், ஒருவனுக்கு மகள் கல்யாணத்துக்கு நகை.

மார்கழிப் பிறப்பில் பங்குகளை விற்றார்கள். கடனைக் கட்டி மிச்சமும் வரும். புதுச் சல்லடைக்கு விண்ணப்பம் போட்டார்கள். அன்றே பதில் வந்தது. "தங்கள் சல்லடை மிகச் சிறப்பாக இயங்குகிறது. மாற்றத் தேவையில்லை."

சுடலை அதை மாகாளியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கிழிந்த மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"நம்ம நாடியக் காட்டி நாமதான்லே அவன் வாய அடச்சிருக்கோம்," என்றார்.

அன்று சாயங்காலம் மாகாளி பட்டையைக் கொடுக்கத் தொம்மை வீட்டுக்குப் போனான். தொம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு இழுக்கிற சத்தம் வாசலிலேயே கேட்டது. மிக்கேலம்மாள் பட்டையை அவன் கையில் மாட்டிவிட்டாள், செவிமணியைக் காதில் செருகினாள்.

"என்ன மக்கா, இன்னைக்கு உனக்கு என்ன வித்துச்சு?" என்று தொம்மை கேட்டான்.

"செருப்பு."

"நீ குடுத்துவச்சவன்."

மிக்கேலம்மாள் காப்பி கொண்டுவந்தாள். "உங்க காதுலதான் அது வாயாடுது. இவுக காதுல ஏறுச்சுன்னா ஊமையாயிருது. மழைக்கு முன்னாடியே நின்னு போச்சு. ஒரு வகைக்கு நிம்மதிதான், முன்ன எல்லாம் ராத்திரிகூட மெத்த வாங்கு மெத்த வாங்குன்னு உயிர எடுக்கும்."

மாகாளி காப்பியை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே வைத்துவிட்டான்.

வாங்காத காதில் ஒரு சொல்லும் பேசமாட்டோம். மெத்தைக்காரன் ஏலம் கேட்கவில்லை. செருப்புக்காரன் கேட்கவில்லை. புரோட்டாக்காரன்கூடக் கேட்கவில்லை. நாளைக்குப் புரோட்டா தின்கிற ஆளாகக்கூடத் தொம்மையை ஒருவரும் கணக்கில் வைக்கவில்லை. தொம்மை தேறமாட்டான் என்று மழைக்கு முன்னாலேயே அழைப்பொலிக்குத் தெரிந்திருக்கிறது. மழைக்குப் பிறகு பட்டை கை மாறுவதும் தெரிந்திருக்கிறது, யார் யார் கைக்கு மாறுகிறது என்பது பெயரோடு தெரிந்திருக்கிறது. நாடி பார்க்கிறவன் ஏமாந்தான், சாமான் விற்கிறவன் ஏமாறவில்லை. தான் சொன்ன பங்குதான் நல்ல பங்கு என்று ஒரு நினைப்பு மாகாளிக்குள் தலை தூக்கியது. அதை நினைத்ததற்காக அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பு வந்தது.

"நாளைக்கு யாரும் நிழலுக்கு நிக்கண்டாம்," என்றான். "பட்டை உன் கையிலயே கிடக்கட்டும். கம்பெனிக்குப் போவோம். உள்ளதச் சொல்லிருவோம். பணம் கையில இருக்கு, கட்டிருவோம்."

"உங்க வேலைக்கு வினை வராதா?" என்றான் தொம்மை.

"வந்தா வருது."

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துப் போனார்கள். சுடலை முன்னால் உட்கார்ந்தார். உயிர்வேலி அலுவலகம் பாளையங்கோட்டை ரோட்டில், கண்ணாடி வைத்த கட்டடம். தொம்மை ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினான்.

கவுண்டரில் இருந்த பெண் அவன் பட்டையைக் கருவியில் காட்டினாள். முகம் மலர்ந்தது. "வாழ்த்துகள் சார். இன்னைக்குக் காலைல உங்க கடன் முழுசும் தள்ளுபடி ஆயிருக்கு. எங்க நிறுவனத்தோட சிறந்த பயனாளி நீங்கதான். உங்க பதிவ 'குணமடைந்தவர்'னு முடிச்சு, கணக்க மூடிட்டாங்க."

மிக்கேலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மாதாவே," என்று தொம்மையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு எண் இல்லை.

"அப்ப சல்லடை?" என்றார் சுடலை.

"கணக்கு உள்ளவங்களுக்குத்தான் சார் மாத்துவோம். குணமானவருக்கு எதுக்கு?"

மாகாளி கவுண்டரில் குனிந்தான். "எம்மா, அந்த நாடி அவருதில்ல. எங்களுது. நாங்க மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டோம். அவரப் பாரு, பாத்தாலே தெரியலயா?"

அந்தப் பெண் தொம்மையைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, அது மேல உள்ளவங்களுக்குத் தெரியும். அழைப்பொலிக்காரங்க அந்த விவரத்த எங்களுக்கு வித்து ஒரு மாசமாச்சு. பங்கு ஏறுற நேரம், யாரும் வாய் தொறக்கல. நேத்துதான் கணக்க மூடுங்கன்னு வந்துச்சு. கணக்கு மூடிட்டா, இனிமே அவருக்கு என்ன ஆனாலும் எங்க பதிவுல ஏறாது."

"நாங்க பணம் கொண்டாந்திருக்கோம். முழுப் பாக்கியும் இருக்கு."

"பாக்கியே இல்லயேண்ணே. எதுல வரவு வைக்க?"

"அப்பக் கடனத் திரும்ப எழுதும்மா," என்றான் மாகாளி. தன் குரல் கெஞ்சுவது அவனுக்கே கேட்டது. "ஆறு லட்சத்து நாப்பத்து மூவாயிரம். வட்டியும் சேத்து எழுது. அவரு பேர்ல மறுபடி ஏத்து. அவரு கடன்காரராவே இருக்கட்டும்."

"தள்ளுபடி ஆனத ஏத்த வழி இல்லண்ணே."

சல்லடையை வேறு யாரும் செய்வதில்லை. உயிர்வேலியின் காப்புரிமை. சுடலை பணப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்," என்றார் கடைசியில். "ஆக்சிஜனாவது வைப்பான்."

தொம்மையைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார்கள். கிழிந்த மூட்டையைத் தூக்குகிற மாதிரி, சிந்தாமல், இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்கினார்கள். ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்தபோது மாகாளியின் செவிமணி பேசியது. குரல் என்றைக்கும் இல்லாத பணிவோடு இருந்தது.

"மாகாளி அண்ணாச்சி, இந்த நேரத்துல தொந்தரவுக்கு மன்னிக்கணும். நல்ல தேக்குல பெட்டி இருக்கு. ஆறடி. கையில ரொக்கம் இருக்கதால உங்களுக்குச் சலுகை."

அவன் செவிமணியைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான்.

"என்ன வித்துச்சு?" என்று தொம்மை கேட்டான். மூச்சுக்கு நடுவே சொல் சொல்லாக வந்தது.

"புரோட்டா."

தொம்மை சிரிக்கப் பார்த்தான். பிறகு மணிக்கட்டைத் திருப்பி, எண் எரிந்துகொண்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அவன் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.